பக்கத்துல வந்து நிக்கிறவன்

ஓம் சரவணபவ!



நம்மள்ல பாதி பேர் போன் வால்பேப்பர்ல ஒரு வரி இருக்கும். ஆட்டோவுக்குப் பின்னாடி, பைக் டேங்க் மேல, லாரி முன் கண்ணாடியில, வீட்டு காலண்டர்லன்னு எங்க பார்த்தாலும் அதே வரிதான். "யாமிருக்க பயமேன்".

நான் இருக்கேன், அப்புறம் உனக்கு என்ன பயம்? இவ்வளவுதான் அர்த்தம். ஆனா இதை ஒரு தடவை நிதானமா படிச்சுப் பாருங்க. "உன் எதிரியை அழிச்சிடுறேன்"னு முருகன் சொல்லல. "உனக்கு இனி கஷ்டமே வராது"ன்னும் சொல்லல. "நான் இருக்கேன்"னு மட்டும்தான் சொல்றார். பயம் போறதுக்கு அது போதும்னு சொல்றார்.

இன்னைக்கு இந்த வரியை வச்சு ஒரு கேள்வி கேட்கலாம்னு இருக்கேன். நம்ம கண்ணு முன்னாடி ஒருத்தனை நாலு பேர் சேர்ந்து கேலி பண்றாங்க, அழ வைக்கிறாங்க. அந்த இடத்துல ஒரு முருக பக்தனா நம்ம வேலை என்ன? "அவனை முருகன் பார்த்துப்பான்"னு சொல்லிட்டு நகர்ந்து போயிடலாமா?

இந்தக் கேள்வியை எனக்குள்ள போட்டுட்டுப் போனவன் என் காலேஜ் நண்பன். அவன் இப்போ உயிரோட இல்ல. அவனைப் பத்திக் கொஞ்சம் சொல்லிட்டு கேள்விக்கு வர்றேன். அவன் பேரைப் போட வேண்டாம்னு நினைக்கிறேன். போட்டா அவனுக்கே பிடிக்காது.

புளியறைக்காரன்

அவன் ஊர் புளியறை. தென்காசி பக்கம் உள்ளவங்களுக்குத் தெரியும். செங்கோட்டை தாண்டி கொல்லம் ரோட்டுல போனா, கேரளா எல்லைக்கு முன்னாடி நம்ம பக்கம் இருக்கிற ஊர். சோதனைச் சாவடி, அதுல வரிசை கட்டி நிக்கிற லாரி, ரெண்டு பக்கமும் வயல், எதிர்ல மலை. குற்றால சீசன்ல அங்க அடிக்கிற சாரலை ஒரு தடவை நனைஞ்சவன் மறக்க மாட்டான். பக்கத்துலயே பண்பொழி திருமலைக் குமாரசாமி, இந்தப் பக்கம் இலஞ்சி குமாரர். முருகனுக்கு நடுவுல பிறந்த பையன்.

புளியறையில ஒரு பழைய சிவன் கோயில் இருக்கு. 27 படி ஏறிப் போகணும், 27 நட்சத்திரத்துக்கு 27 படின்னு சொல்வாங்க. அங்க தட்சிணாமூர்த்தி ரொம்ப விசேஷம். வியாழக்கிழமை, குருப்பெயர்ச்சி அன்னைக்கெல்லாம் கூட்டம் தாங்காது. அந்தத் தலத்துக்கு ஒரு கதை சொல்வாங்க. தில்லைக்கு ஆபத்து வந்த காலத்துல நடராஜரைக் காப்பாத்த தெற்க கொண்டு வந்து, இந்தப் பக்கம் ஒரு புளியமரப் பொந்துல மறைச்சு வச்சாங்களாம். அந்தப் புளியமரத்தால தான் ஊருக்கே இந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்வாங்க.

என் நண்பன் இந்தக் கதையை அடிக்கடி சொல்லுவான். சொல்லிட்டு, "ஆபத்துன்னு வந்தா சாமிக்கே ஒளிய ஒரு பொந்து வேண்டியிருக்கு மக்கா"ம்பான். நாங்க சிரிப்போம். அப்போ அது எங்களுக்கு ஜோக்.

மெஸ் வரிசை

எனக்குச் சின்ன வயசுல இருந்தே திக்குவாய். இப்பவும் இருக்கு. சில எழுத்துல நாக்கு அப்படியே நின்னுடும். "ப", "ம" எல்லாம் எனக்குப் பெரிய மலை. ஏழு வயசுல ஆச்சி என்னைத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசாம இருந்து, செந்தூர் முருகன் சன்னிதியில வாய் திறந்தார்னு எங்க பக்கம் எல்லா ஆச்சிக்கும் தெரியும். பேரனுக்கும் அப்படி நடக்கும்னு அவங்க நம்பினாங்க. கடல்ல குளிச்சு, நாழிக்கிணத்துல குளிச்சு, மொட்டை போட்டு வந்தோம். திக்கு போகல.

இன்ஜினியரிங் முதல் வருஷம், ஹாஸ்டல். எந்தக் காலேஜ்னு வேண்டாம். சீனியர் அண்ணன்மார் சில பேருக்கு என் திக்கு ஒரு பொழுதுபோக்கு ஆயிடுச்சு. அடி, உதை எதுவும் கிடையாது. ராத்திரி மெஸ் வரிசையில நிக்கும்போது கூப்பிடுவாங்க. நரி, கிழநரி, நரைமுடின்னு ஒரு நாக்கு சுழட்டுற வாக்கியம் இருக்குல்ல, அதைச் சொல்லச் சொல்வாங்க. நான் முதல் வார்த்தையில நிப்பேன். மொத்த மெஸ்ஸும் சிரிக்கும். முழுசா சொன்னாத்தான் தட்டுல சோறு. இப்படி ரெண்டு வாரம். நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் போறதையே விட்டுட்டேன். பிஸ்கட், தண்ணின்னு ஓடுச்சு.

ஒரு நாள் அவன்தான் ரூம் கதவைத் தட்டினான். "வாலே, சாப்பிடப் போவோம்"னான். வரலன்னேன். "நான் கூட நிக்கேன், வா"ன்னான்.

போனோம். கூப்பிட்டாங்க. நான் நடுங்கிட்டு நின்னேன். அவன் தட்டைக் கீழ வச்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னான். "அண்ணே, இவன் சாப்பிட்டு ரெண்டு வாரம் ஆச்சு. முதல்ல சாப்பிடட்டும்ணே"ன்னான். குரல்ல கோபம் கிடையாது. ஒரு சீனியருக்கு ஆத்திரம் வந்துடுச்சு. "அப்போ நீ இவனை மாதிரி திக்கித் திக்கிச் சொல்லுலே"ன்னாரு. இவன் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துட்டு, "எனக்கு திக்காதுண்ணே. திக்குற மாதிரி நடிக்கவும் வராது"ன்னான்.

சுத்தி இருந்தவங்க சிரிக்கிறதை நிறுத்தினாங்க. ரெண்டு பேரையும் மெஸ் மூடுற வரைக்கும் சுவர் ஓரமா நிக்க வச்சாங்க. நின்னோம். அன்னைக்கும் சாப்பாடு இல்ல. ஆனா அந்த ரெண்டு வாரத்துல எனக்கு வயிறு எரியாத முதல் ராத்திரி அதுதான்.

அடுத்த நாள் எங்க பேட்ச்ல இன்னும் ரெண்டு பேர் வந்து நின்னாங்க. அதுக்கு அடுத்த நாள் ஆறு பேர். அவன் சும்மா நின்னதோட விடல. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு சார்கிட்ட போய் நடந்ததை நிதானமா சொன்னான். தேதி, நேரம், யார் யார் இருந்தாங்கன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தான். ஒரு வாரத்துல அந்த விளையாட்டு நின்னு போச்சு.

இதுக்கு அவன் கொடுத்த விலையும் உண்டு. வாலிபால் டீம்ல அவனை எடுக்கல. நல்லா ஆடுவான். ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு வெளிய நின்னு பந்து பொறுக்கிப் போட்டான். நான் ஒரு தடவை நன்றின்னு ஆரம்பிச்சேன். "ந"விலேயே மாட்டிக்கிட்டேன். அவன் முழுசா முடியுற வரைக்கும் காத்திருந்துட்டு, "போலே அங்கிட்டு"ன்னு சிரிச்சான்.

படிப்பு முடிஞ்சு நான் சென்னை வந்தேன். அவன் ஊர்ப்பக்கமே வேலை பார்த்தான். சில வருஷம் முன்னாடி ஒரு மழை ராத்திரி, பைக் விபத்து. அவ்வளவுதான்.

அது தைரியமா, கருணையா?

அவன் செஞ்சதுக்கு என்ன பேரு வைக்கலாம்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். எல்லாரும் தைரியம்னு தான் சொல்வாங்க. எனக்கு அது பொருந்துற மாதிரி தெரியல. தைரியசாலின்னா எதிர்ல இருக்கிறவனைப் பார்ப்பான். இவன் என்னைத்தான் பார்த்தான். அவன் பேசின முதல் வார்த்தையே என் சாப்பாட்டைப் பத்தி. சீனியரை எதிர்க்கணும்னு அவன் கிளம்பி வரல. கூட இருக்கிறவன் பட்டினி கிடக்கிறான்னு வந்தான். எதிர்க்க வேண்டிய நிலைமை அப்புறம் தானா வந்துச்சு.

அதனால அதைக் கருணைன்னு தான் நான் சொல்வேன். கருணைன்னா பாவம் பார்க்கிறது, உச்சுக் கொட்டுறதுன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். மெஸ்ல இருந்த நிறைய பேருக்கு என் மேல பாவம் இருந்துச்சு. அப்புறமா ரூமுக்கு வந்து ஆறுதல் சொன்னவங்களும் உண்டு. அவங்க நல்லவங்கதான். ஆனா எனக்கு நடந்தது அவங்களுக்கும் கொஞ்சம் நடக்கட்டும்னு யாரும் முன்வரல. அவன் வந்தான். அவமானத்துல பாதியை எடுத்துக்கிட்டான். கருணை நிஜமா இல்லையான்னு தெரிஞ்சுக்க எனக்கு இதை விட நல்ல அளவுகோல் கிடைக்கல.

திரும்ப அந்த வரிக்கு வாங்க. "யாமிருக்க பயமேன்." நான் இருக்கேன். அந்த ராத்திரி அவன் செஞ்சது அதுதான். சீனியரை ஜெயிக்கல, எனக்குச் சோறும் வாங்கித் தரல. பக்கத்துல இருந்தான். பயம் போச்சு.

"முருகன் பார்த்துப்பான்"

இப்போ நம்ம மேட்டருக்கு வர்றேன். பக்தியில இருக்கிற நம்மளை மாதிரி பசங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் "முருகன் பார்த்துப்பான்". நல்ல வார்த்தை. வேலை போனப்போ, அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ, லோன் கட்ட முடியாதப்போ அதைச் சொல்லித் தான் நாம தாங்கியிருக்கோம்.

ஆனா இதே வார்த்தைக்கு ரெண்டு முகம் இருக்கு. என் கஷ்டத்தைப் பார்த்து நான் "முருகன் பார்த்துப்பான்"னு சொன்னா அது நம்பிக்கை. என்னால முடிஞ்சதைச் செஞ்சுட்டு மிச்சத்தை அவர்கிட்ட விடுறேன். அடுத்தவன் கஷ்டப்படுறதைப் பார்த்து, நான் செய்யக்கூடியது கையில இருந்தும் அதைச் செய்யாம "முருகன் பார்த்துப்பான்"னு சொன்னா? அது தப்பிக்கிறது. அதுக்கு முருகன் பேரைப் போட்டுக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்னும் சொல்வாங்க. "அது அவன் கர்மா, போன ஜென்மத்துப் பாக்கி, நாம நடுவுல போகக் கூடாது." இதுக்கு என் பதில் சிம்பிள். அவன் கஷ்டம் அவன் கர்மான்னா, அந்த நேரத்துல அந்த இடத்துல நான் நிக்கிறது யாரோட கர்மா? அதுவும் கணக்குல வரும்ல? அவன் போன ஜென்மத்துல என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது. இந்த நிமிஷம் நான் என்ன செய்யலாம்னு தெரியும். தெரியாததை வச்சு தெரிஞ்சதைத் தள்ளிப் போடுறது எந்த ஊர் நியாயம்?

குகையில இருந்த 999 பேர்

நக்கீரர் கதை உங்களுக்குத் தெரியும். திருப்பரங்குன்றத்துல சிவபூஜை பண்ணிட்டு இருந்தவரு, கொஞ்சம் கவனம் சிதறினப்போ ஒரு பூதம் பிடிச்சு மலைக்குகையில அடைச்சுடுது. அங்க ஏற்கெனவே 999 பேர் இருக்காங்க. ஆயிரம் பேர் சேர்ந்ததும் சாப்பிடலாம்னு அந்தப் பூதம் காத்திருக்கு. நக்கீரர் வந்ததும் கணக்கு சரியாயிடுச்சு.

இந்தக் கதையில எனக்கு ரொம்ப முக்கியமா படுற இடம் ஒண்ணு. அந்த 999 பேரும் நக்கீரரைப் பார்த்துப் புலம்புறாங்க. "நீ வராம இருந்தா நாங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்போம். உன்னால தான் இப்போ எல்லாருக்கும் சாவு." யோசிச்சுப் பாருங்க. அடைச்சு வச்சது பூதம். கோபம் வந்தது நக்கீரர் மேல.

இது எல்லா ஹாஸ்டல்லயும், எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறது. யாராவது ஒருத்தன் "இது தப்பு"ன்னு சொன்னா, தப்பு பண்றவனை விட்டுட்டு சொன்னவனைத் தான் எல்லாரும் பிடிச்சுக்குவாங்க. "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டான்." "இவனால நமக்கும் பிரச்சனை." அந்த மெஸ்ல எங்களுக்கும் அதே டயலாக் கிடைச்சுச்சு.

நக்கீரர் அவங்ககிட்ட சண்டை போடல. முருகனை நினைச்சு திருமுருகாற்றுப்படை பாடினார். முருகன் வேலால குகையைப் பிளந்தார். வெளிய வந்தது நக்கீரர் மட்டும் இல்ல, திட்டின அந்த 999 பேரும் சேர்ந்து தான் வந்தாங்க. ஒருத்தருக்காக எழுந்து நின்னா பயன் அந்த ஒருத்தரோட முடியாதுங்கிறது எனக்கு இந்தக் கதையில இருந்து தான் புரிஞ்சுது. எங்களுக்கு அப்புறம் வந்த ஜூனியர் பேட்ச்ல யாரும் அந்த நரி வாக்கியத்தைச் சொல்ல வேண்டி வரல.

ஆபத்து நிஜம்

இதெல்லாம் பேசுறதுக்கு நல்லா இருக்கு, நிஜத்துல அடி விழும்லன்னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. அதை மழுப்ப விரும்பல.

1996 நவம்பர்ல சிதம்பரத்துல ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில முதல் வருஷம் படிச்ச பொன் நாவரசு கொலை செய்யப்பட்டார். அப்போ சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த பொன்னுசாமியோட மகன். ராகிங்குக்குப் பணியாததுதான் காரணம்னு வழக்கு. தமிழ்நாட்டையே உலுக்கின சம்பவம். அடுத்த வருஷம், 1997-ல, தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. வழக்கு கடலூர் நீதிமன்றம், உயர் நீதிமன்றம்னு போய், உச்ச நீதிமன்றம் 2011-ல ஆயுள் தண்டனையை உறுதி செஞ்சுது. நடராஜருக்கு ஆபத்துன்னா ஒளிச்சு வைக்கப் புளியமரம் இருந்துச்சுன்னு எங்க பக்கம் கதை சொல்றோம். அதே தில்லையில ஒரு பையனுக்கு அந்த நேரத்துல ஒரு பொந்து கிடைக்கலையேன்னு எனக்குத் தோணும்.

1997-ல இலங்கையில, பேராதனைப் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்ச செல்வநாயகம் வரப்பிரகாஷ்ங்கிற தமிழ் மாணவர் ராகிங்கால இறந்தார். கடுமையான உடற்பயிற்சி செய்ய வச்சதுல சிறுநீரகம் செயலிழந்துடுச்சு. 1998-ல அங்கேயும் தடைச் சட்டம் வந்துச்சு. 2009 மார்ச்ல இமாச்சலப் பிரதேசத்துல அமன் கச்ரூங்கிற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடிச்சதுல இறந்தார். அந்த வருஷம் தான் யுஜிசி ராகிங் தடை விதிமுறைகளைக் கொண்டு வந்தது. அமனோட அப்பா அதுக்கப்புறம் பல வருஷம் இந்த வேலைக்காகவே உழைச்சார்.

ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாடியும் ஒரு பிள்ளையோட உயிர் இருக்கு. நாம காலேஜ் சேரும்போது சும்மா கையெழுத்து போட்டுக் கொடுக்கிறோமே ஒரு ராகிங் உறுதிமொழிப் பத்திரம், அது இப்படி வந்ததுதான்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் நாங்குநேரியில 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நடந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ படிச்ச பட்டியலின மாணவர் ஒருத்தர், சாதி வச்சு தன்னைத் தொந்தரவு பண்றாங்கன்னு பள்ளியில சொன்னார். கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்கப் போன அவரோட தங்கச்சிக்கும் வெட்டு விழுந்துச்சு. அந்தத் தங்கச்சி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அரிவாளுக்கும் அண்ணனுக்கும் நடுவுல போனப்போ அது கணக்கு எதுவும் போட்டிருக்காது. அந்த மாணவர் ஆஸ்பத்திரியில இருந்து மீண்டு வந்து 2024 பிளஸ் டூ தேர்வுல 600-க்கு 469 வாங்கினார். அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில ஒரு நபர் குழு அமைச்சு, பள்ளிகள்ல சாதிப் பிரிவினையைத் தடுக்க என்ன செய்யலாம்னு 2024 ஜூன்ல அறிக்கையும் வந்துச்சு.

இதை எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நான் யாரையும் "போய் நெஞ்சைக் காட்டு"ன்னு சொல்ல மாட்டேன். அரிவாள் இருக்கிற இடத்துல முதல் வேலை போலீஸுக்குச் சொல்றது, ஆள் கூட்டுறது, அடிபட்டவனை அங்கிருந்து வெளிய கொண்டு வர்றது. ஆனா ஒண்ணு கவனிங்க. பெரிய கொடுமைக்குப் பின்னாடி போய்ப் பார்த்தா, பல நேரம் ஆரம்பத்துல ஒரு சின்ன கேலி இருக்கும். அது நடக்கும்போது சுத்தி ஆள் இருந்திருப்பாங்க. அந்தச் சின்ன கட்டத்துல பக்கத்துல போய் நிக்க அரிவாளைத் தாங்குற நெஞ்சு வேண்டியதில்ல. வாலிபால் டீம்ல இடம் போகலாம். அந்த அளவு விலைதான். அதைக் கொடுக்கவே நாம யோசிக்கிறோம்ங்கிறதுதான் விஷயம்.

பத்து செகண்ட்

நான் இன்ஜினியர். டேட்டா இல்லாம ஒரு விஷயத்தை விட மனசு வராது. கனடாவுல ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் பள்ளி மைதானத்துல பிள்ளைங்க விளையாடுறதை வீடியோ எடுத்து, மைக் வச்சுக் கவனிச்சாங்க. 2001-ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை வம்பிழுக்கிற சம்பவங்கள்ல 88 சதவீதத்துல மத்த பிள்ளைங்க சுத்தி நின்னுட்டு இருந்தாங்க. நடுவுல புகுந்து தடுத்தது 19 சதவீதத்துல தான்.

இதுவரைக்கும் சோகம். அடுத்த கணக்கு தான் முக்கியம். யாராவது ஒரு பிள்ளை தடுத்தப்போ, பாதிக்கு மேல, 57 சதவீத தடவை, பத்து செகண்டுக்குள்ள அந்த வம்பு நின்னு போச்சு. பத்து செகண்ட்! நாம ஒரு ரீல்ஸைத் தள்ளி விடுற நேரம்.

அதே கனடாவுல, நோவா ஸ்கோஷியாங்கிற மாகாணத்துல, 2007-ல ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் பிங்க் சட்டை போட்டு வந்ததுக்காக அவனைக் கேலி பண்ணி மிரட்டினாங்க. பன்னிரண்டாம் வகுப்பு படிச்ச டேவிட் ஷெப்பர்ட், டிராவிஸ் பிரைஸ்னு ரெண்டு பேர் கடையில 50 பிங்க் சட்டை வாங்கிட்டு வந்து மத்த பசங்களுக்குக் கொடுத்தாங்க. ஸ்கூல்ல எங்க பார்த்தாலும் பிங்க். யாரைன்னு கேலி பண்ணுவ? அவங்க யாரையும் அடிக்கல. அந்தப் பையன் தனியா இருக்கிறதை மட்டும் மாத்தினாங்க.

மயிலும் சேவலும்

கேலி பண்றவனை என்ன செய்யலாம்? எனக்கும் அந்த வயசுல ஆசை இருந்துச்சு, முருகன் வந்து அந்த சீனியர் எல்லாரையும் சூரசம்ஹாரம் பண்ணணும்னு. ஆனா சூரசம்ஹாரத்தையே ஒழுங்கா பாருங்க. முருகன் எடுத்ததும் வேலை எறியல. முதல்ல வீரபாகுவைத் தூது அனுப்பினார். பேசிப் பார்த்தார். போர் நடந்த பிறகும் சூரன் முடிவு என்ன? மயிலாவும் சேவலாவும் ஆனான். எதிரி வாகனமாயிட்டான், கொடியாயிட்டான். இன்னைக்கு நாம மயிலையும் சேவலையும் சேர்த்துத் தான் கும்பிடுறோம்.

என் நண்பன் கடைசி வரைக்கும் அந்த சீனியரை "அண்ணே"ன்னு தான் கூப்பிட்டான். அது பயத்துல வந்த மரியாதை இல்ல. அவர் செய்றது தப்பு, ஆனா அவர் திருந்துறதுக்கு ஒரு கதவு இருக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இதை "மன்னிச்சு விட்டுடு"ன்னு எடுத்துக்காதீங்க. அவன் நோட்டுல தேதி எழுதினவன், சார்கிட்ட சொன்னவன். தப்பை நிறுத்தணும். ஆளை வெறுக்க வேண்டாம். ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியும்.

போனவனுக்கு எப்படிக் கடன் தீர்க்கிறது?

உயிரோட இருக்கிறவன் உதவி செஞ்சா, என்னைக்காவது திருப்பிச் செஞ்சிடலாம். போனவனுக்கு? அவன் வீட்டுக்குப் போனா அவங்க அம்மா சோறு போட்டு, "தம்பி, அவன் உன்னைப் பத்தி நிறைய சொல்லுவான்யா"ம்பாங்க. அவங்களுக்கு ஆறுதலா இருக்கிறதும் ஒரு கடமைதான். அவன் பேர்ல அன்னதானம் பண்ணலாம், விளக்கு போடலாம். செய்றோம். அது நம்ம மனசுக்கு நல்லது.

ஆனா அவன் எனக்குக் கொடுத்தது ஒரு பொருளா இருந்தா திருப்பிக் கொடுக்கலாம். அவன் கொடுத்தது ஒரு இடம். பக்கத்துல நிக்கிற இடம். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழி, இன்னொருத்தன் பக்கத்துல போய் நிக்கிறதுதான். அப்படிச் செய்றப்போ அவன் செஞ்சது இன்னும் நடந்துட்டு இருக்கு. செத்துப் போனவங்க நம்ம கூட இருக்காங்கன்னு சொல்றோமே, அதுக்கு எனக்குப் புரிஞ்ச அர்த்தம் இதுதான்.

எங்க ஆபீஸ்ல தினமும் காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங். எல்லாரும் நேத்து என்ன செஞ்சோம்னு ரெண்டு நிமிஷம் சொல்லணும். சமீபத்துல ஒரு தங்கச்சி புதுசா சேர்ந்தாங்க. கிராமத்துல இருந்து வந்தவங்க, இங்கிலீஷ் தடுமாறும். ஒரு நாள் கால்ல ஒருத்தர் அவங்க சொன்ன வார்த்தையை அதே மாதிரி திருப்பிச் சொன்னாரு. நாலு பேர் சிரிச்சாங்க. அந்தத் தங்கச்சி மைக்கை மியூட் பண்ணிட்டாங்க. நான் அன்மியூட் பண்ணி, "அவங்க ம...ம...முடிக்கட்டும், நான் கேட்டுட்டு இருக்கேன்"னேன். திக்கித் திக்கித் தான் சொன்னேன். யாரும் சிரிக்கல. அவங்க மறுபடியும் பேச ஆரம்பிச்சாங்க.

ஆச்சி வேண்டிக்கிட்டதை முருகன் செய்யலன்னு ஒரு காலத்துல எனக்கு வருத்தம் இருந்துச்சு. இப்போ இல்ல. என் நாக்கை அவர் சரி பண்ணல. நாக்கு திக்குற இடத்துக்கு ஒரு புளியறைக்காரனை அனுப்பி வச்சார். முருகன் பார்த்துக்கிட்டது அப்படித்தான். அடுத்த தடவை அவர் யாரையாவது அனுப்ப நினைக்கும்போது, அந்த இடத்துல ஏற்கெனவே நின்னுட்டு இருக்கிறது நாமளா இருக்கலாம்.

நம்மளால முடிஞ்சது

தம்பி தங்கச்சிகளுக்கு, நான் கத்துக்கிட்டதை எழுதுறேன்.

சிரிக்காதீங்க. எதுவும் செய்ய முடியலன்னாலும் சிரிக்காம இருக்கலாம். கேலி பண்றவனுக்கு அந்தச் சிரிப்புதான் சம்பளம்.

பக்கத்துல போய் நில்லுங்க, உட்காருங்க. "வா, சாப்பிடப் போவோம்" போதும். வசனம் எதுவும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தரைக் கிண்டல் பண்ணி மீம் வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. "இது வேண்டாமே"ன்னு ஒரு வரி போடுங்க. முருகன் பட டிபி வச்சுக்கிட்டு அந்த மீமுக்கு சிரிப்பு எமோஜி போடுறது நமக்கு அழகில்ல.

தேதி, நேரம், நடந்ததை எழுதி வைங்க, நம்புற ஒரு பெரியவர்கிட்ட சொல்லுங்க. காலேஜ்னா யுஜிசி ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. ஸ்கூல்னா பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பாதிக்கப்பட்டவங்க தான் கூப்பிடணும்னு இல்ல, பார்த்தவங்களும் கூப்பிடலாம். ராகிங்ல உடந்தையா இருந்தாலும் தண்டனை உண்டுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

உயிருக்கு ஆபத்துன்னா தனியா போகாதீங்க. ஆள் கூட்டிட்டுப் போங்க.

இப்போ உங்களுக்கு அப்படி ஒரு கஷ்டம் நடந்துட்டு இருந்தா, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. தப்பு உங்க மேல கிடையாது. யாராவது ஒருத்தர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க.

இதைப் படிச்சு முடிச்சதும் இன்னொரு வேலை செய்யுங்க. உங்க கிளாஸ்ல, ஹாஸ்டல்ல, டீம்ல தனியா சாப்பிடுற ஒருத்தர் இருப்பாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. "நாளைக்கு சேர்ந்து சாப்பிடுவோமா?"

யாமிருக்க பயமேன்!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!